வாசலில் இரண்டாம் முறை

அத்தியாயம் 11

போர்டிக்சன் ஆஸ்பத்திரியில் காலைத் தூக்கிக் கட்டிப் படுக்க வைத்திருந்த தம்பி அமிர்தலிங்கத்திடம் கையிலிருந்த பணத்தை எல்லாம் கொடுத்துவிட்டு, நீலாவதி சிரம்பானுக்கு பஸ் ஏறியதைப் போன வாரம் பார்த்தோம். மோட்டார் சைக்கிளில் வழுக்கி விழுந்தவனுக்கு ஆயிரம் செலவு இருக்கும். கொடுத்ததில் அவளுக்கு வருத்தம் கிடையாது. கூடப்பிறந்தவன் அல்லவா?

ஆனால் அந்தப் பணத்தில் ஒரு பகுதியை அவள் வேறொரு காரியத்துக்காக ஒதுக்கி வைத்திருந்தாள். அது இன்ன காரியம் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. மாசக் கடைசியில் சம்பளம் வந்ததும் திரும்ப ஒதுக்கிக்கொள்ளலாம், அதுவரை அப்பா வரமாட்டார் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அப்பா சனிக்கிழமையே வந்துவிட்டார்.

நீலாவதி வேலை பார்க்கும் சிரம்பான் கம்ப்யூட்டர் கடையில் அன்று நிற்க இடமில்லை. ஜனவரி மாதம் என்றால் அப்படித்தான். கடை விற்கும் கணக்கு டிஸ்கெட்டானாலும் சரி, பிள்ளைகளுக்கான பாட டிஸ்கெட்டானாலும் சரி, ஒரு வருஷத்துக்குத்தான் ஓடும். வருஷம் முடிந்ததும் திரையில் ஒரு வரி வந்து நிற்கும். பிறகு எந்தப் பொத்தானைத் தட்டினாலும் அசையாது. புதுப்பிக்க ஆட்கள் கடைக்கு வந்தே ஆகவேண்டும்.

சுவரில் விலைப்பலகை தொங்கியது. பாட டிஸ்கெட், தொள்ளாயிரம் வெள்ளி. போனில் கேட்டால் நீலாவதி சொல்ல வேண்டியதும் அதே தொள்ளாயிரம்தான். அதற்கு மேல் டாக்ஸ் என்றும் சர்வீஸ் சார்ஜ் என்றும் நூற்று முப்பத்தைந்து வெள்ளி ஏறும். அதை வாடிக்கையாளர் கவுண்டருக்கு வந்து பணப்பையைத் திறந்த பிறகுதான் வாயால் சொல்ல வேண்டும். முதலாளி கண்ணப்பன் வைத்த சட்டம் அது.

"பைய அவுத்தவன் திரும்பக் கட்டிக்கிட்டுப் போகமாட்டான் நீலாவதி. மொதல்லயே சொல்லிப்பிட்டா வீட்லயே உக்காந்து யோசிப்பான்" என்பார்.

கண்ணப்பன் குடும்பம் சிரம்பானில் வட்டிக்கடை வைத்திருந்த குடும்பம். தகப்பனாரின் தேக்குக் கல்லாப்பெட்டியைப் பின்னறைக்குத் தள்ளிவிட்டு இவர் கம்ப்யூட்டர் கொண்டுவந்து அடுக்கினார். ஆளைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. தோட்டத்துப் பெண் என்றதும் நாலு கடை நீலாவதியைத் திருப்பி அனுப்பியபோது, என்ன படித்திருக்கிறாய் என்று கேட்ட ஒரே ஆள் இவர்தான். அந்த நன்றி அவள் நாக்கில் பூட்டு மாதிரி தொங்கியது.

அன்று அவள் கவுண்டரில் சீன முதலாளி, இரும்புக்கடைத் தவுக்கே ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். பலகையில் ஒரு விலை, கையில் ஒரு விலையா என்று மேசையைத் தட்டினார்.

"தாஹுன் லெப்பாஸ் பூன் மாச்சாம் இனி லா!"

போன வருஷமும் இதே மாதிரிதான் செய்தீர்கள் என்று அவர் மலாயில் போட்ட சத்தம் கடை முழுக்கக் கேட்டது. கத்தினாரே தவிர, கடைசியில் எண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். கண்ணப்பன் சொன்னது தப்பாகவே போனதில்லை.

தவுக்கே நகர்ந்ததும் அவர் முதுகு மறைத்திருந்த நாற்காலி தெரிந்தது. நீலம் போட்டு வெளுத்த வெள்ளைச் சட்டையில் அப்பா உட்கார்ந்திருந்தார். மடியில் துணிப்பை.

அப்பா எப்போது வந்தார்? தவுக்கே கத்தியது காதில் விழுந்ததா? விழாமல் எப்படி இருக்கும்? முப்பது வருஷம் தோட்டத்தில் ஆட்களை நடத்தும் மண்டோர் வேலை பார்த்தவர். மலாய் அவருக்குத் தமிழ் மாதிரி.

"மாசக் கடைசிக்கு வரச் சொன்னேனேப்பா?"

"புள்ளைங்க ஒரு வாரமா கம்ப்யூட்டர் மூஞ்சியவே பாத்துக்கிட்டு உக்காந்திருக்குதுங்கம்மா. பரீட்சைக்குப் படிக்கிற புள்ளைங்க. காசு கைக்கு வந்திருச்சு, வெச்சுக்கிட்டு என்னா செய்யறது?"

"தனியாவா வந்தீங்க?"

"பொதுக்காசு தனி ஆளோட நடக்குமா? சன்னாசி வந்திருக்கான். பக்கத்துக் கடையில கோப்பி குடிக்கிறான்."

அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

நீலாவதியின் ஊரான செராயா தோட்டத்தின் வழக்கம் தெரியாதவர்களுக்கு இந்த நூற்று முப்பத்தைந்து வெள்ளி ஒரு பெரிய விஷயமாகப் படாது. சிரம்பானுக்கும் போர்டிக்சனுக்கும் நடுவே அறுபது வீடு உள்ள ரப்பர் தோட்டம். கங்காணி காலத்தில் ஒரே திருவிழாவுக்கு மூன்று தடவை வசூல் நடந்து, பாதிப் பணம் கங்காணி வீட்டுக் கூரைக்குப் போயிற்றாம். அன்றைக்கு ஜனங்கள் மாரியம்மன் முன்னால் ஒரு முடிவு எடுத்தார்கள். ஒரு காரியத்துக்கு ஒரு வீட்டு வாசலில் ஒரு தடவைதான் கை நீட்டலாம். இவ்வளவு ஆகும் என்று முதலிலேயே சபையில் சொல்லிவிட வேண்டும். தலைவர் கைக்காசு போடுவதும் கூடாது, போட்டவன் எடுக்கவும் செய்வான் என்பதால். நீலாவதியின் அப்பா அர்ச்சுனனுக்கு முன்னால் தோட்டத் தலைவராக இருந்த ஆறுமுகம், ஒலிபெருக்கி வாடகைக்கென்று ஒரு திருவிழாவில் மறுபடி வாசலுக்குப் போனார். அந்த வாரமே பதவி போயிற்று. இன்றைக்கும் அவருக்குப் பெயர் 'ரெண்டாந்தரம் ஆறுமுகம்'. பேரப்பிள்ளைகள்கூட அப்படித்தான் சொல்லுகின்றன.

அந்தத் தோட்டத்தில், கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட பழைய ஆயாக்கொட்டகைக்கு வெள்ளையடித்து ஒரு கம்ப்யூட்டரை வைத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லலாம் என்ற யோசனையைக் கொண்டுவந்தவளே நீலாவதிதான். பாட டிஸ்கெட்டுக்கு வீட்டுக்குப் பதினைந்து வெள்ளி, மொத்தம் தொள்ளாயிரம், மேலே ஒரு காசு கிடையாது என்று போன வருஷம் அர்ச்சுனன் சபையில் சொன்னார். மகள் சொன்னதைத்தான் சொன்னார். மேலே ஏறிய நூற்று முப்பத்தைந்தை மகள் தன் சம்பளத்திலிருந்து சத்தமில்லாமல் கட்டினாள்.

இந்த வருஷமும் அதே தொள்ளாயிரத்தைச் சபையில் சொல்லி, அதே பதினைந்தை வாசல் வாசலாக வாங்கிக்கொண்டு அவர் வந்து உட்கார்ந்திருக்கிறார். இந்த வருஷம் மகள் கையில் பஸ் காசுதான் இருக்கிறது.

சன்னாசி பல்குச்சியோடு உள்ளே வந்தார். ரப்பர் பால் லோரி ஓட்டுகிறவர். தலைவர் நாற்காலிமேல் அவருக்கு ஒரு கண் உண்டு என்பது தோட்டத்தில் தெரியாத ரகசியம் இல்லை. ஆனாலும் நீலாவதியைத் தூக்கி வளர்த்த மனிதர்.

"என்னாம்மா நீலா, கடையில பனிமழ பெய்யுது! இந்தக் குளுர்ல உக்காந்து உக்காந்து நீ வெள்ளக்காரி ஆயிருவ போல."

"வாங்க மாமா."

அர்ச்சுனன் எழுந்து கவுண்டருக்கு வந்து துணிப்பையை அவிழ்த்தார். அறுபது வீட்டுப் பதினைந்தும் கசங்கலும் மடிப்புமாக ரப்பர் வளையத்துக்குள் இருந்தது. பின்னால் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் கண்ணப்பன் தலை நிமிர்ந்து பார்த்தார்.

நீலாவதி சொன்னாள். எல்லோரிடமும் சொல்லுகிற அதே குரலில் சொல்லப் பார்த்தாள். "டாக்ஸ் சேர்த்து ஆயிரத்து முப்பத்தஞ்சு ஆவுதுப்பா."

சன்னாசியின் பல்குச்சி நின்றது. "எவ்ளோ?"

அவள் திரும்பச் சொன்னாள்.

"பலகையில தொள்ளாயிரம்னுதானே எழுதியிருக்கு? எனக்கென்னா கண்ணா தெரியல?"

"அது டிஸ்கெட் வெல மாமா. இது டாக்ஸ்."

சன்னாசி தலைவரைப் பார்த்தார். தலைவர் பலகையைப் பார்க்கவில்லை, பணத்தையும் பார்க்கவில்லை. மகளையே பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"இது புதுசாம்மா?"

இல்லை என்றால் அடுத்த கேள்வி, அப்படியானால் போன வருஷம் யார் கட்டியது என்பதாக இருக்கும். சன்னாசி பக்கத்தில் நிற்கிறார். முதலாளி தடுப்புக்குப் பின்னால் நிற்கிறார். நீலாவதிக்கு யோசிக்க ஒரு மூச்சு நேரம்தான் கிடைத்தது.

"புதுசுப்பா. இந்த வருஷம்தான் ஏத்துனாங்க."

"சரிம்மா" என்றார் அர்ச்சுனன்.

அவ்வளவுதான். முகத்தில் ஒன்றும் இல்லை. அந்த 'சரிம்மா'வில்தான் அவளுக்குத் தெரிந்தது. தவுக்கே கத்தியதெல்லாம் அப்பா காதில் விழுந்திருக்கிறது.

"கவுர்மெண்டா!" என்று சன்னாசி சிரித்தார். "ரோடு போடுங்கன்னு கேட்டா நம்ம தோட்டம் மேப்புலயே இல்லங்கிறான். காசு புடுங்கறதுக்கு மட்டும் வழி தெரியுது பாரு லா."

"மீதிய நான் வேணா போட்டு…" என்று நீலாவதி ஆரம்பித்தாள். எங்கிருந்து போடுவாள் என்று அவளுக்கே தெரியாது. முதலாளியிடம் முன்பணம் கேட்கலாம்.

"அதெப்படிம்மா?" சன்னாசியின் குரலில் குத்தல்கூட இல்லை, சாதாரணமாகவே சொன்னார். "தலைவர் ஊட்டுக் கைக்காசு பொதுக்காரியத்துல வரலாமா? போட்டவ எடுக்கலன்னு என்னா அத்தாட்சின்னு நாளைக்கு எவனாச்சும் கேப்பான். உங்கப்பன் பேரு கெட்டுப் போவும்."

கண்ணப்பன் வெளியே வந்தார். "பரவாயில்லைங்கய்யா, டிஸ்கெட்ட உங்க பேர்ல எடுத்து வைக்கச் சொல்றேன். மெதுவா திங்கக்கெழம கொண்டுவந்து கட்டுங்க" என்று மரியாதையாகவே சொன்னார். அர்ச்சுனன் தலையாட்டிவிட்டுப் பணத்தைப் பையில் போட்டு மறுபடி கட்டினார். பையை அவிழ்த்தவன் திரும்பக் கட்டியதை அந்தக் கடை அன்றுதான் பார்த்தது.

பெரியவர்கள் இருவரும் வாசலுக்குப் போனதும் கண்ணப்பன் அவள் பக்கம் குனிந்தார்.

"புதுசா ஏத்துனாங்கன்னு சொன்ன பாரு, நல்லா சமாளிச்சே. இனிமே சத்தம் போடற ஆளுங்ககிட்ட எல்லாம் அதையே சொல்லிப்பிடு."

முதுகில் தட்டிக் கொடுக்காத குறை. நீலாவதிக்கு அந்த நிமிஷம் ஏர்கண்டிஷனுக்கு நேரே நின்றும் கழுத்து வேர்த்தது.

சனிக்கிழமை அரைநாள் வேலை. ரஹாங்கில் அவள் வாடகைக்கு இருந்த அறைக்குப் போகாமல், அப்பாவோடும் சன்னாசியோடும் அப்படியே தோட்டத்து பஸ்ஸில் ஏறினாள். மூன்று பேர் சீட்டில் ஜன்னலோரம் அப்பா, நடுவில் சன்னாசி, ஓரத்தில் அவள். அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் சன்னாசியைத் தாண்டித்தான் பார்க்க வேண்டும்.

"எம் மச்சான் பகாவ் பக்கத்துத் தோட்டத்துல இருக்கானில்ல, அங்கயும் இதே டிஸ்கெட்டுதான் வாங்கியிருக்காங்களாம்" என்றார் சன்னாசி, யாரைப் பார்த்தும் இல்லாமல். "போன வருஷம் அவங்க என்னா கட்டுனாங்கன்னு ஒரு போன் போட்டுக் கேக்கணும்."

"கேளு" என்றார் அர்ச்சுனன்.

"சும்மாதான் தலைவரே. தெரிஞ்சுக்கலாம்னு."

"கேளுன்னுதானே சொல்றேன்."

தோட்டத்து வளைவில் பஸ் நின்றதும் மூவரும் இறங்கினார்கள்.

வீட்டில் அம்மா மயிலம்மாள் நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். கணவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிய விதத்திலேயே அவளுக்கு ஏதோ நடந்திருக்கிறது என்று புரிந்துவிட்டது.

"என்னா, டிஸ்கெட்டு எங்க?"

அர்ச்சுனன் குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து மகளுக்கு எதிரே பலகையில் உட்கார்ந்தார்.

"போன வருஷம் நீதான் கட்டுனியா?"

"ஆமாப்பா."

"நூத்தி முப்பத்தஞ்சும்?"

"ஆமா."

மயிலம்மாளுக்கு விஷயம் விளங்க இன்னும் இரண்டு கேள்வி தேவைப்பட்டது. விளங்கியதும் நெத்திலியைத் தட்டோடு தள்ளி வைத்தாள். "அடிப்பாவி! எங்கிட்டயாச்சும் சொல்லக்கூடாது?"

"சொன்னா அப்பா அப்பவே சபையில நிறுத்தியிருப்பாரும்மா. வீட்டுக்கு ரெண்டேகால் வெள்ளி கூடச் சொன்னா, யோசன பண்ணி ஒத்திப் போட்டிருப்பாங்க. புள்ளைங்களுக்கு அந்த வருஷம் கிடைச்சிருக்காது. அப்பா சொன்ன வார்த்தையும் மாறக்கூடாதுன்னு…"

"எனக்காகக் கட்டுனியா, உனக்காகக் கட்டுனியா?"

அர்ச்சுனன் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டார்.

வெள்ளையடித்த ஆயாக்கொட்டகைக்குள் முதல்நாள் கம்ப்யூட்டர் எரிந்தபோது, தோட்டமே வாசலில் கூடி நின்று 'அர்ச்சுனன் மவ கொண்டாந்தது' என்று சொன்னது அவள் நினைவுக்கு வந்தது. அன்று அவள் கழுத்து எவ்வளவு நிமிர்ந்திருந்தது! நூற்று முப்பத்தைந்து வெள்ளிக்கு அவள் வாங்கியது அந்த நிமிர்வைத்தான். அப்பாவின் பெயரை அதற்கு உறையாகப் போட்டிருக்கிறாள்.

"எனக்காகத்தாம்பா" என்றாள்.

அவர் தலையை அசைத்தார். நிஜம் சொன்னாளே என்ற நிம்மதியா, வேதனையா என்று பிரித்துச் சொல்ல முடியாத அசைவு.

"சரி, ஆனது ஆச்சு" என்று மயிலம்மாள் காரியத்துக்கு வந்தாள். "கவுர்மெண்டு ஏத்திருச்சுன்னு அவளே சொல்லிட்டா. சன்னாசியும் கேட்டுட்டாரு. அதையே சபையில சொல்லிட்டு வாங்க. கவுர்மெண்டு மேல போட்டா யாரு போயிக் கேக்கப் போறா?"

"அம்மன் முன்னால பொய் சொல்லச் சொல்ற."

"பின்ன என்னா சொல்லப் போறீங்க? எம் மவ ஒளிச்சு ஒளிச்சு கட்டுனான்னா? ஒளிச்சுக் கட்டுனவ ஒளிச்சு எடுத்தாளான்னு அப்பவே கேப்பாங்க. கடையில வேல பாக்குறவ, கமிஷன் அடிச்சாம்பாங்க. இவளுக்கு இன்னும் கல்யாணம் ஆவல, ஞாபகம் இருக்கா?"

"நானே சபையில சொல்லிடறேன்பா" என்றாள் நீலாவதி.

"நீ வாயத் தொறக்காத" என்று அப்பாவும் அம்மாவும் ஒரே குரலில் சொன்னார்கள். வேறு நாளாக இருந்தால் மூவருமே சிரித்திருப்பார்கள்.

பொழுது சாய்வதற்குள் கோயில் முன் கூட்டம் சேர்ந்துவிட்டது. தலைவர் வெறுங்கையோடு திரும்பினார் என்பதைச் சொல்ல ஆள் வேண்டியதில்லை. பஸ் நின்ற இடத்திலிருந்து செய்தி அவருக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்திருந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நீலாவதி பெண்கள் வரிசையின் கடைசியில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அர்ச்சுனன் எழுந்தார். வழக்கமாக நிமிர்ந்து, தூரத்தில் நிற்பவன் முகம் பார்த்துப் பேசுகிறவர். இன்று தரையில் கிடந்த ஏதோ ஒரு ரப்பர் கொட்டையைப் பார்த்துப் பேசினார்.

"டிஸ்கெட்டு வெல தொள்ளாயிரம்னு உங்ககிட்ட சொன்னேன். கடையில ஆயிரத்து முப்பத்தஞ்சு கேக்கறாங்க. வீட்டுக்கு இன்னும் ரெண்டேகால் வெள்ளி வரும். இந்த வருஷம்…"

நின்றார். நீலாவதியின் கை தூணை இறுக்கியது. இப்போதுகூட அவள் ஓரடி முன்னால் எடுத்து வைத்து நான் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். வைக்கவில்லை. அம்மா சொன்ன கமிஷன் என்ற சொல் அவள் காலைக் கட்டியிருந்தது.

"இந்த வருஷம் கவுர்மெண்டு டாக்ஸ ஏத்திருச்சு" என்று அப்பா சொல்லி முடித்தார்.

முப்பது வருஷத்தில் அந்த இடத்தில் நின்று அவர் சொன்ன முதல் பொய். அது அவருடையதும் அல்ல. அவளுடையது.

ஒருவர் முகத்திலும் சந்தேகம் இல்லை. அதுதான் பொறுக்க முடியாததாக இருந்தது. கூட்டம் ஒரே மூச்சாய் அரசாங்கத்தைத் திட்ட ஆரம்பித்தது. சீனி விலையும் அரிசி விலையும் பஸ் கட்டணமும் பேச்சில் வந்துபோயின. ஆறுமுகம் எழுந்து நின்றார். ரெண்டாந்தரம் ஆறுமுகம். பழி வாங்க இதைவிட நல்ல நேரம் அவருக்குக் கிடைக்கப் போவதில்லை.

"கவுர்மெண்டு ஏத்துனதுக்குத் தலைவரு என்னாங்க செய்வாரு?" என்றார் அவர். "ரெண்டாந்தரம் வாசலுக்கு வர்றது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். யாரும் ஒரு சொல்லு சொல்லக்கூடாது. நேர்மையான மனுசன். இன்னிக்கே குடுத்துருவோம்."

சரி, சரி என்றது சபை. செல்லம்மா முந்தானை முடிச்சை அப்போதே அவிழ்த்தாள். புருஷனை இழந்து, இரண்டு பேரப்பிள்ளைகளைப் பால் வெட்டி வளர்க்கிறவள். "எம் பேத்தி அந்தப் பொட்டியில கணக்கு போடறா தம்பி. ரெண்டேகால் வெள்ளிய பாத்தா முடியுமா?" என்றாள். பிறகு திரும்பி நீலாவதியைத் தேடிக் கண்டுபிடித்து, உன்னாலே வந்த வாழ்வு என்பதுபோல் சிரித்தாள்.

நீலாவதி கூட்டத்தை விட்டு விலகி வீட்டுக்கு நடந்தாள். ஓடினாள் என்று சொன்னாலும் தப்பில்லை.

வசூலைத் தலைவர் வீட்டில்தான் தொடங்க வேண்டும் என்பதை அவள் மறந்துபோயிருந்தாள்.

மூச்சு வாங்கி முடிப்பதற்குள் தெருவில் காலடிச் சத்தம் கேட்டது. முன்னால் அப்பா கையில் பித்தளைத் தட்டோடு வந்தார். பக்கத்தில் சன்னாசி. பின்னால் பாதித் தோட்டம். மயிலம்மாள் கோயிலிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. வாசலில் நிற்க நீலாவதியைத் தவிர ஆள் இல்லை.

அர்ச்சுனன் தன் வீட்டு வாசலில், கூரை இறவாணத்துக்கு வெளியே, அந்நிய வீட்டில் நிற்பதுபோல் நின்றார்.

"வீட்ல யாரு?" என்று கேட்டார். எந்த வீட்டிலும் அப்படித்தான் கேட்க வேண்டும்.

அவள் உள்ளே ஓடி, அம்மா அரிசி டின்னில் வைத்திருந்த சில்லறையிலிருந்து எண்ணி எடுத்துக்கொண்டு வந்தாள். அப்பா தட்டை நீட்டினார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. காசு தட்டில் விழுந்த ஓசை அத்தனை பேருக்கும் கேட்டது.

வாங்கியவர் இப்போது ஒன்று சொல்ல வேண்டும். கங்காணி காலத்து முடிவோடு சேர்ந்து வந்த வழக்கம் அது. ஒவ்வொரு வாசலிலும் காசு விழுந்ததும், 'அம்மன் சாட்சி, கேட்டது நேர்' என்று தலைவர் உரக்கச் சொல்லுவார். சொன்ன பிறகுதான் அடுத்த வீட்டுக்கு நகரலாம். போன வாரம் அறுபது வாசலிலும் அர்ச்சுனன் அதைச் சொன்ன குரல் பாலத்துக்கு அந்தப் பக்கம் வரை கேட்டதாம்.

அவர் சொல்லவில்லை. தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு திரும்பினார்.

"தலைவரே" என்றார் சன்னாசி. அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "அம்மன் சாட்சி சொல்லலியே?"

முன்வரிசையில் ஆறுமுகம் தலைவருக்குச் சொல்லெடுத்துக் கொடுப்பதுபோல் வாயை அசைத்தார். அர்ச்சுனன் உதட்டைப் பிரித்தார். சபையில் பொய் சொல்லிவிட்ட வாய், அம்மன் பேரைச் சொல்ல மட்டும் எழவில்லை.

செராயா தோட்டத்தில் இத்தனை நாள் தலை குனிந்து நின்றே அறியாத மனிதர், தன் வாசலிலேயே தட்டை ஏந்திக்கொண்டு குனிந்து நின்றார்.

நீலாவதி படியை விட்டு மண்ணில் இறங்கினாள். கமிஷன் என்பார்கள். திருடி என்பார்கள். திங்கட்கிழமை கண்ணப்பன் கடையில் அவளுக்கு நாற்காலி இருக்காது. அமிர்தலிங்கத்தின் கால், அம்மா தேடி வைத்திருக்கும் மாப்பிள்ளை, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து கையைப் பிடித்து இழுத்தன. அவள் அப்பாவின் கையிலிருந்து தட்டை வாங்கினாள்.

"அவரு சொல்ல மாட்டாரு மாமா" என்றாள் சன்னாசியிடம். அவள் குரல் கூட்டத்தின் கடைசியில் நின்ற செல்லம்மாவுக்கும் கேட்டது. "ஏன்னு எங்கிட்ட கேளுங்க."